ஆடுதின்னாப்பாளைப் பூவுக்குள் ஈ மாட்டினால்

கேள்வி: வரப்பில் படர்ந்த ஒரு கொடியின் கருஞ்சிவப்புப் பூவைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே குட்டி ஈக்கள் உயிரோடு கிடக்கின்றன. ஆடுதின்னாப்பாளை என்கிறார்கள். பூச்சி தின்னும் செடியா? காய்கறிப் பாத்தியைச் சுற்றி நட்டால் பூச்சி குறையுமா? வெள்ளாடுகளும் வளர்க்கிறேன்.

பதில்: "உயிரோடு" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், விடை அதில்தான் இருக்கிறது. தின்கிற செடியென்றால் அழுகண்ணி மாதிரி பிசினில் ஒட்டிக் கொன்று செரித்துவிடும். இது ஈயைப் பிடித்துவைப்பது மகரந்தச் சேர்க்கைக்காக மட்டும்.

பிளேடால் இரண்டு பூவை நீளவாக்கில் கீறிப் பாருங்கள், இன்று விரிந்தது ஒன்று, வாடப்போவது ஒன்று. புதுப்பூவின் குழலில் மயிர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வாசனைக்கு வந்த ஈ சறுக்கிக்கொண்டு அடியிலுள்ள குமிழுக்குள் போய்விடும், ஏறி வர முடியாது. அப்போது மகரந்தத் தூளை வாங்கிக்கொள்ளும் சூல்முடி மட்டும் தயார், மகரந்தப்பை இன்னும் வெடித்திருக்காது, அதனால் வேறு பூவிலிருந்து ஈ சுமந்து வந்த தூள்தான் ஒட்டும். அப்புறம் பை வெடித்து ஈயின் முதுகெல்லாம் தூள் அப்பிக்கொள்ளும், குழல் மயிர் சுருங்கும், கதவு திறந்த மாதிரி ஈ வெளியே வந்து அடுத்த பூவில் போய் மறுபடி மாட்டிக்கொள்ளும் (புத்தி வராத ஜென்மம்).

ஆக, பூச்சியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் பொறிப்பயிராக இது உதவாது. மாட்டுவது காய்ப்புழுவோ அசுவினியோ இல்லை, மாட்டினதையும் விட்டுவிடுகிறது.

ஆடு விஷயம்தான் முக்கியம். கசப்பால் மேய்ச்சலில் ஆடு ஒதுக்கிவிடும், பெயரே அதுதானே, ஆனால் தீவனத்தோடு சேர்த்து நறுக்கிப் போட்டால் பிரித்துத் தின்ன அதற்குத் தெரியாது. இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் இதன் உறவுச்செடி ஒன்றின் விதை கோதுமையோடு கலந்து அரைபட்டதில் ஊர் ஊராகச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. அதனால் கஷாயம் என்று நீங்களும் குடிக்காதீர்கள். பூச்சிவிரட்டிக் கரைசலில் இந்த இலையைச் சேர்க்கிறார்கள்தான், ஆனால் கீரைக்கும் பறிக்கிற நிலையிலுள்ள காய்க்கும் அதைத் தெளிக்க நான் சொல்லமாட்டேன்.

தீவனம் அறுக்கிற இடத்தில் இருந்தால் காய் வெடிக்குமுன் கிழங்குவேரோடு தோண்டி எடுங்கள், மேலே அறுத்தால் மறுபடி துளிர்க்கும். ஒதுக்குப்புற வேலியில் இருந்தால் விட்டுவிடலாம். அங்கே சிவப்பு முள் முள்ளாகக் கருப்புப் புழு இலையைத் தின்றுகொண்டிருந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள், அது உங்கள் பயிருக்கு வராது, சிவப்பு உடம்புக்காரக் கருப்புப் பட்டாம்பூச்சியின் குஞ்சு அது.