ரக்பியில் கையிலிருக்கும் பந்தை ஏன் உதைத்துக் கொடுக்கிறார்கள்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பந்து நம்மிடம் இருக்கும்போது அதை உதைத்து எதிரணிக்குத் தானம் செய்கிறார்களே, பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

பதில்: எரிச்சல் நியாயம்தான் தம்பி. ஆனால் சொந்த 22 மீட்டர் கோட்டுக்குள்ளேயே (நம் கோல் கோட்டிலிருந்து 22 மீட்டரில் வரும் கோடு) பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதிக்கொண்டிருந்தால், கீழே விழுந்த ஒருவர் எப்போதாவது பந்தை விடாமல் பிடித்துத் தொலைப்பார், நடுவர் விசில் ஊதுவார், எதிரணி சாவகாசமாகக் கம்பத்துக்கு நடுவே அடித்து 3 புள்ளி வாங்கிப் போகும். அதே தவறு எதிரணியின் எல்லையில் நடந்தால் அவ்வளவு சேதம் இல்லை. அதனால்தான் முதலில் இடத்தைப் பிடி, பந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

கேள்வி: பக்கக்கோட்டுக்கு வெளியே அடித்தால் சில சமயம் பந்து போன இடத்தில் லைன்-அவுட், சில சமயம் அடித்த இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். என்ன கணக்கு?

பதில்: லைன்-அவுட் என்றால் பக்கக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது. சொந்த 22-க்குள் நின்று, தரையில் படாமல் நேராக வெளியே அடித்தால், பந்து போன இடத்தில் லைன்-அவுட். 22-க்கு வெளியே நின்று அடித்தால் பந்து ஒரு தடவையாவது தரையில் பட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அடித்த இடத்துக்கு நேரேதான். 22-க்கு வெளியே இருந்த பந்தை நீங்களே உள்ளே கொண்டுபோய் அடித்தாலும் அதே கதி. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு இந்தத் தொல்லை கிடையாது, லைன்-அவுட்டில் பந்தை எறிவதும் அடித்த அணியே.

கேள்வி: 50:22 என்கிறார்களே?

பதில்: 2021-ல் சோதனையாக வந்து நிலைத்துவிட்ட விதி. ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி லீகில் 40/20 என்று முன்பே இருந்த விதிக்குத் தம்பி மாதிரி. உங்கள் பாதியிலிருந்து அடித்த பந்து களத்துக்குள் தரையில் பட்டு, எதிரணியின் 22-க்குள் பக்கக்கோட்டைத் தாண்டினால் எறியும் உரிமை உங்களுக்கே. பந்தை நீங்களாகப் பின்னால் கொண்டுவந்து உங்கள் பாதிக்குள் நுழைந்திருக்கக் கூடாது. எனக்குப் பிடித்த விதி இது. இந்தப் பயத்தில் எதிரணியின் விங்கர்கள் (ஓரத்தில் ஆடுகிறவர்கள்) பின்னால் போய் நிற்க, அவர்களின் தடுப்பு வரிசையில் ஆள் குறையும். ஒரு தடவைகூட அப்படி அடிக்காமலே பாதி லாபம் வந்துவிடுகிறது!

கேள்வி: பாக்ஸ் கிக்குக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்?

பதில்: கூட்டத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் அடிக்கும் உயரமான கிக் அது, அவர் காலைப் பாருங்கள். ரக்கின் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் முட்டி நிற்கும் கூட்டம்) பின்னால் தன் ஆட்களை ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராகக் கோக்கச் சொல்வார். பந்தைத் தடுக்க வருகிறவன் கை அவர் காலுக்கு எட்டக் கூடாதே. நடுவர் "எடு" என்றதும் 5 விநாடிதான், பந்தை எடுத்து ஒரு எட்டு பின்வைத்து செங்குத்தாகத் தூக்கி அடிப்பார். தூரம் முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம். பந்து 4 விநாடி காற்றில் நின்றால், ஓடி வரும் விங்கர் அது இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்து எதிராளியோடு சேர்ந்தே குதிக்கலாம். அதை மீறித் தூரமாகப் போய்விட்டால் எதிராளி நிதானமாகப் பிடித்து ஓடி வருவான், அது வெறும் மோசமான கிக்.

கேள்வி: உதைத்தே ஜெயிக்க முடியுமா?

பதில்: கிட்டத்தட்ட நடந்தது. 2023 உலகக்கோப்பை அரையிறுதி, பாரிஸ், மழை. இங்கிலாந்து ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) எதுவும் போடாமல், உயரக் கிக் மேல் கிக்காக அடித்து தென்னாப்பிரிக்காவைத் திணறவைத்து 15-6 என்று முன்னிலையில் இருந்தது. கடைசியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்நைமன் ஒரு ட்ரை போட்டார், அப்புறம் ஸ்க்ரமில் (இரு அணி முன்வீரர்களும் பிணைந்து தள்ளுவது) கிடைத்த பெனால்டியை ஏறக்குறைய 50 மீட்டரிலிருந்து ஹாண்ட்ரே பொல்லார்ட் உள்ளே அனுப்ப 16-15. திட்டத்தில் குறையில்லை, ஸ்க்ரம் காலை வாரிவிட்டது.

கேள்வி: இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்து, மற்றவர்கள் சிலையாக நின்ற கூத்து?

பதில்: அது சட்டத்தில் இருந்த ஓட்டை, பிரெஞ்சு வீரர் டுபான்ட்டின் பேரில் டுபான்ட் விதி என்று பேர் வாங்கியது. உதைத்தவனுக்கு முன்னால் நின்ற அவன் அணியினர், பந்தைப் பிடித்தவன் 5 மீட்டர் ஓடினாலே ஆட்டத்துக்குள் வரலாம் என்றிருந்தது. அவன் எதற்கு ஓடுவான்? திருப்பி அடித்தான். 2024 ஜூலையில் அடைத்துவிட்டார்கள்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் பந்து கூடுதல் தூரம் போவது உண்மையா?

பதில்: உண்மை. எல்லிஸ் பார்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றின் அடர்த்தி குறைவு. வெளிநாட்டு ஃபுல்பேக் (கடைசியில் நிற்கும் ஆட்டக்காரர்) முதல் சில பந்துகளுக்குக் கணக்குத் தவறிப் பின்னால் ஓடுவதைக் கவனியுங்கள்.