குமிழில் எழுதியிருப்பது ஒன்று, அது செய்வது வேறொன்று

கேள்வி: முதன்முறையாக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். கருவியின் முகப்பில் 'சென்சிட்டிவிட்டி' என்றிருக்கும் குமிழைக் கையேடு ஓரிடத்தில் 'ஆழம்' என்கிறது. முழுவதும் திருப்பினால் அதிக ஆழத்தில் உள்ளதும் தெரியுமாம். நான் திருப்பினால் எதுவுமே இல்லாத இடத்திலும் ஓயாமல் கத்துகிறது. கருவி பழுதா, எனக்குத்தான் இயக்கத் தெரியவில்லையா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டும் இல்லை. கையேடுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. பெரும்பாலான கருவிகளில் அந்தக் குமிழ் கூட்டுவது ஆழத்தை அல்ல. காயிலுக்கு, அதாவது கருவியின் அடிமுனையில் உள்ள கம்பிச்சுருள் வட்டுக்கு, திரும்பி வரும் சமிக்ஞையின் பெருக்கத்தை. மண்ணில் உள்ள இரும்புத் தாதுக்களின் இரைச்சலும், பக்கத்து மின்கம்பியின் இரைச்சலும் கூடவே பெருகும். அதுதான் நீங்கள் கேட்கும் கத்தல். நாணயம் போன்ற சிறு பொருள் சற்று ஆழத்துக்குப் போய்விட்டால், தூரம் இருமடங்காகும்போது சமிக்ஞை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். எனவே பெருக்கத்தை இருமடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைக்கும் ஆழம் 12 சதவீத அளவுதான், அதுவும் இரைச்சல் இல்லாத மண்ணில். கத்தல் அடங்கும் வரை குமிழைக் குறையுங்கள். முன்பு இரைச்சலில் அமுங்கிப்போன மெல்லிய ஒலிகள் அப்போது காதில் விழும்.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது 'டிஸ்கிரிமினேஷன்' குமிழுக்கான விளக்கம். 'வேண்டாத உலோகங்களை விலக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? சமிக்ஞை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. அந்த அளவு, உலோகத்தின் வகையோடு பொருளின் பருமனையும் வடிவத்தையும் பொறுத்தது. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் அநேகமாக ஒரே இடத்தில் வந்து விழும். தாளை விலக்கினால் மோதிரமும் போய்விடும். வாங்குபவருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது. பல கையேடுகளில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஆணி இல்லாத மர மேசையின் விளிம்புக்கு வெளியே காயில் நிற்கும்படி கருவியைக் கிடத்துவேன். ஓர் ஆணி, கசக்கிய அலுமினியத் தாள், மோதிரம், நாணயம் என ஒவ்வொன்றாகக் காயிலின் முன் அசைத்தபடி குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்புவேன். எந்த இடத்தில் எது ஊமையாகிறதோ அதை ஒரு காகித நாடாவில் குறித்துக் குமிழின் அருகிலேயே ஒட்டிவிடுவேன். ஒருமுறை கையேடு 'இரும்பு 3-இல் விலகும்' என்றது. ஆணி 2-லேயே அடங்கியது. துருப்பிடித்த தட்டையான வாஷர் 6 வரை ஒலித்தது. தட்டை இரும்பு எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும்.

இனி வாங்கப்போகிறவர்கள், பணம் கட்டும் முன்பே கையேட்டைப் படித்துவிடுங்கள். இரண்டு மூன்று மாடல்களுக்குப் பொதுவாக ஒரே கையேட்டை அச்சிடுவது வழக்கம். படத்தில் இருக்கும் குமிழ் உங்கள் கருவியில் இல்லாமல் போகலாம். 'நீர்புகாது' என்றிருந்தால் காயிலுக்கு மட்டுமா, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். சொன்ன வசதி இல்லையென்றால், கையேட்டின் பக்க எண்ணோடு புகார் எழுதுங்கள்.

கேள்வி: திரையில் 5 செ.மீ. ஆழம் என்று காட்டியது. தோண்டினால் 20 செ.மீ. கீழே ஒரு பெரிய தகரத் துண்டு. இது பழுதா?

பதில்: இல்லை. அந்த அளவுகோல் பொதுவாக நாணய அளவுள்ள பொருளை வைத்து அமைக்கப்பட்டது. பெரிய பொருளின் வலுவான சமிக்ஞையை அது 'அருகில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை தோண்டும் முன் காயிலை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். ஒரு முழம் தூக்கிய பிறகும் ஒலி அடங்கவில்லை என்றால், கீழே இருப்பது நாணயமல்ல.