வேலிக்கு அந்தப் பக்கம் கடல்

கேள்வி: ஜமைக்காவில் பெரிய ஹோட்டல்கள் கடற்கரையை வளைத்துப்போட்டு விருந்தினர்களை மட்டும் உள்ளே விடுவதாகப் போன இதழில் கோபப்பட்டிருந்தீர்கள். காசு செலவழித்து மணலைச் சுத்தமாக வைத்திருப்பது அவர்கள்தானே? ஊர்க்காரர்களுக்கு வேலையும் தருகிறார்கள். எல்லோரையும் விட்டால் குப்பைதான் சேரும்.

பதில்: கூட்டிப் பெருக்குகிறவருக்கே இடம் சொந்தம் என்று உலகத்தில் எங்கே சட்டம் இருக்கிறது? ஹோட்டல் தன் நிலத்துக்குப் பணம் கொடுத்தது, சரி. கடலுக்கு யாரிடம் கொடுத்தது?

ஜமைக்காவின் கடற்கரைச் சட்டம் 1956ஆம் வருடத்தது. தீவு அப்போது பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது, விடுதலை வந்தது 1962ல். அலை வந்துபோகும் ஈர மணலும் கடலடித் தரையும் அரசுடைமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது, ஆனால் அங்கே போய்க் குளிக்கவும் நடக்கவும் ஜனங்களுக்குப் பொதுவான உரிமை இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அரசாங்கம் ஹோட்டலுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம், ஹோட்டல் கேட் போடலாம், அதே ஊரில் பிறந்தவர் தன் பிள்ளையைக் கடலில் இறக்க வேண்டுமென்றால் டே பாஸ் வாங்க வேண்டும், அதுவும் அந்த ஹோட்டல் விற்றால். விடுதலை கிடைத்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதை எப்படி நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வேன்?

மக்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரு பிடி இன்னும் பழைய சட்டம், 1882ஆம் வருடத்து அனுபோக உரிமைச் சட்டம். ஒரு கடற்கரையை ஊர்ஜனங்கள் இருபது வருடம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் அனுபவித்து வந்திருந்தால் அந்த உரிமையைக் கோர்ட்டில் நிலைநாட்டலாம். கவனியுங்கள், நிரூபிக்க வேண்டியது ஜனங்கள்தான். வயசானவர்கள் கூண்டில் ஏறி, சின்ன வயசில் இங்கேதான் குளித்தோம், இங்கேதான் படகை இழுத்துப் போட்டோம் என்று சாட்சி சொல்ல வேண்டும். அதனால்தான் வேலி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன், இன்றைக்குப் போடும் வேலி நாளைக்கு அவர்கள் வழக்கையே சாய்த்துவிடும்.

போர்ட்லாந்து பகுதியில் வின்னிஃப்ரெட் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. அதை எடுத்துச் சுற்றுலாவுக்கு மேம்படுத்த அரசு நிறுவனமே முனைந்தபோது ஃபேரி ஹில் ஊர்க்காரர்கள் பல வருடம் வழக்காடினார்கள், 2014ல் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குப்பை சேரும் என்கிறீர்களே, அந்தக் கடற்கரையைப் பெருக்கிப் பராமரித்து வந்தது இதே ஊர்க்காரர்கள்தான், நுழைவுக் கட்டணம் கூட வாங்காமல்.

வேலை தருகிறார்கள் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாடு, குடி, படகுச் சவாரி எல்லாவற்றையும் அறை வாடகையிலேயே அடக்கி விற்கும்போது விருந்தினர் வாசலைத் தாண்டி வெளியே வரத் தேவையே இல்லை, வெளியே மீன் பொரித்து விற்கும் அம்மாவுக்கு அதில் என்ன கிடைக்கும்? கடலில் இறங்க வழியில்லாமல் போன மீன்பிடிக்காரருக்கு ஹோட்டலில் அறை துடைக்கும் வேலை ஈடு என்று நீங்கள் சொன்னால், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், இன்னொரு கரீபியன் தீவான பார்படோஸையும் பாருங்கள். அங்கே கடற்கரை எல்லோருக்கும் பொது, ஹோட்டல் வாசலில் இருக்கும் மணலிலும் யாரும் துண்டை விரித்து உட்காரலாம். அதனால் அங்கே சுற்றுலா ஒன்றும் படுத்துவிடவில்லை. ஹோட்டல்காரர்கள் அங்கேயும் லாபம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.