வீங்கும் லிப்போ, ஆடும் வால்: ரிமோட் ஹெலிகாப்டர், விமானக் கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: அண்ணே, வாங்கி நாலு மாதம்கூட ஆகாத 3எஸ் 2200 லிப்போ பேட்டரி (மூன்று செல், 2200 எம்.ஏ.எச், அதாவது மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு) வீங்கிவிட்டது. ஞாயிறு மட்டும்தான் பறக்க விடுகிறேன், மற்ற நாளில் தொடுவதே இல்லை.

பதில்: தொடாமல் எந்த நிலையில் வைத்தீர்கள் தம்பி? சனி இரவு ஃபுல் சார்ஜ், ஞாயிறு மழை, அடுத்த வாரம் வரை செல்லுக்கு 4.2 வோல்ட்டிலேயே கிடந்திருக்கும். நம்மூர் புழுக்கத்தில் அது போதும். உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகிறது, அதுதான் வீக்கம். பேட்டரியை ஆகாயத்தில் கெடுப்பவர்களைவிட அலமாரியில் கெடுப்பவர்களே அதிகம். இரண்டு மூன்று நாளுக்குள் பறக்கவில்லை என்றால் சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' போட்டுச் செல்லுக்கு 3.8 – 3.85 வோல்ட்டில் நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே வேண்டாம். பறந்து இறங்கியதும் சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறட்டும். பிறகு 1சி (கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டம்), அதாவது 2200க்கு 2.2 ஆம்பியரில், செல்களைச் சமன்படுத்தும் பேலன்ஸ் வயரையும் செருகிச் சார்ஜ் போடுங்கள்.

வீங்கியதை இனி சார்ஜ் செய்யக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் பேட்டரி பற்றி மறுபடி கேட்காதீர்கள். வீட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில் வைத்து, 12 வோல்ட் பல்பை மாட்டி, பக்கத்திலேயே இருந்து முழுக்க அணையும்வரை எரிய விடுங்கள். பிறகு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: 450 அளவு ஹெலிகாப்டருக்கு, 2200 பேட்டரியில், பறக்கும் நேர டைமர் எத்தனை நிமிடம்?

பதில்: அடுத்தவர் நிமிடம் உங்களுக்கு உதவாது, உங்கள் கைப்பழக்கம் வேறு. முதலில் 4 நிமிடம் பறந்து இறங்குங்கள். சார்ஜரில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 1200 எம்.ஏ.எச் ஏறினால் நிமிடத்துக்கு 300. பேட்டரியில் 80 விழுக்காட்டுக்கு மேல் காலி செய்ய வேண்டாம்; 2200இல் அது 1760. ஆகவே 5 நிமிடம் 50 வினாடிதான் எல்லை. டைமரை ஐந்தரைக்கு வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ஹெலிகாப்டரின் வால் விடாமல் ஆடுகிறது. ஜைரோ கெயினை (வாலை நிலைநிறுத்தும் கருவியின் உணர்திறன்) குறைத்தேன், ஆட்டம் குறைந்தது, ஆனால் வால் பிடிப்பே இல்லை.

பதில்: கெயின் கடைசி வேலை ஐயா. வால் ஸ்லைடரின் (வால் பிளேடுகளின் கோணத்தை மாற்ற நகரும் பாகம்) லிங்க்கை, அதாவது இணைப்புக் கம்பியைக் கழற்றி விரலால் தள்ளிப் பாருங்கள்; சொரசொரப்பு இல்லாமல் வழுக்க வேண்டும். மழைக்குப் பிறகு பேரிங்கில் துரு பிடித்தால் முதலில் இங்கேதான் தெரியும். லிங்க் பந்துகளில் லொடலொடப்பு இருந்தால் மாற்றுங்கள், சில ரிங்கிட்தான். அடுத்து அதிர்வு: ஃபெதரிங் ஷாஃப்டை (மேலே உள்ள இரு பிளேடுகளையும் தாங்கும் குறுக்குத் தண்டு) கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் துள்ளும். பினியன் (மோட்டாரின் சிறு பற்சக்கரம்), மெயின் கியர் இடைவெளி ஒரு துண்டுத் தாள் சிக்கி வெளிவரும் அளவு இருக்கட்டும். இத்தனையும் சரியென்றால் கெயினைப் படிப்படியாக ஏற்றி, நடுக்கம் தொடங்கியதும் கொஞ்சம் இறக்குங்கள்.

ஒன்று சொல்ல விட்டேன்: உலோகத்தில் போகும் திருகுக்கு நீல நிற லாக் பசை (திருகு தானாகக் கழலாமல் பிடிப்பது) ஒரு துளி. பிளாஸ்டிக்கில் போகும் திருகுக்கு வேண்டாம், சில பிளாஸ்டிக் அதில் விரிசல் விட்டுவிடும்.

செராஸ் வாசகர்: விமானத்தில் 10 அங்குல புரொப்பெல்லருக்குப் பதில் அதே பிட்ச்சில் (பிளேடின் சாய்வளவு) 11 போட்டேன். இ.எஸ்.சி (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) கொதிக்கிறது.

பதில்: கொதிக்கத்தான் செய்யும். அதே சுழற்சி வேகத்தில் தேவைப்படும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 10இலிருந்து 11 என்றால் கிட்டத்தட்ட 46 விழுக்காடு. மோட்டார் சற்று வேகம் குறைவதால் நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனாலும் கனம்தான். வாட் மீட்டர் மாட்டி, விமானத்தை இறுகக் கட்டி, முழு த்ராட்டிலில் சில வினாடி பாருங்கள். 30 ஆம்பியர் இ.எஸ்.சியில் 25ஐத் தாண்டினால் பழைய அளவுக்கே திரும்புங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: லிப்போவை விமானப் பயணத்தில் கொண்டுபோகலாமா?

பதில்: கைப்பையில் மட்டும், முனைகளுக்கு டேப் ஒட்டி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 3எஸ் 2200 என்றால் 11.1 × 2.2 = 24.4 வாட்-மணி, சிக்கல் இல்லை. 6எஸ் 5000 என்றால் 22.2 × 5 = 111; 100ஐத் தாண்டுவதால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.