வனாந்தர ஆய்வுப் பகுதிக்குள் ஜீப்பை ஓட்டிச் செல்லலாமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சான் ரஃபேல் ஸ்வெல் பக்கம் குடும்பத்தோடு சென்று முகாமிட எண்ணியிருக்கிறோம். எங்களிடம் உள்ள பழைய வரைபடத்தில் சில இடங்கள் 'வில்டர்னெஸ் ஸ்டடி ஏரியா' (வனாந்தர ஆய்வுப் பகுதி) என்று குறிக்கப்பட்டுள்ளன. இன்னும் முடிவாகாத இடம்தானே, ஜீப்பில் போகலாம் என்கிறார் நண்பர். சென்ற முறை அங்கே மாடுகள் மேய்வதையும் பார்த்தேன். போகலாமா?"

முதலில் உங்கள் வரைபடம் எந்த ஆண்டில் அச்சானது என்று பாருங்கள். 2019 மார்ச் 12 அன்று கையெழுத்தான டிங்கெல் சட்டம், நீங்கள் குறிப்பிடும் வட்டாரத்தில் பல இடங்களை நிரந்தர வனாந்தரங்களாக, அதாவது இயற்கை நிலையிலேயே விட்டுவைக்கச் சட்டம் காக்கும் நிலங்களாக, அறிவித்துவிட்டது. அதுவரை ஆய்வுப் பகுதியாக இருந்த சிட்ஸ் மவுன்டன் அவற்றுள் ஒன்று. வனாந்தரத்துக்குள் மோட்டார் வண்டி மட்டுமல்ல, மிதிவண்டியும் கூடாது. எல்லைக்கு வெளியே விடப்பட்ட பாதைகளில் மட்டுமே வண்டி செல்லலாம். ஆகவே, பழைய வரைபடத்தை நம்பிப் புறப்பட வேண்டாம்.

இன்றும் ஆய்வுப் பகுதியாகவே நீடிக்கும் இடங்களைப் பொறுத்தவரை, உங்கள் நண்பர் கருதுவதற்கு நேர்மாறானதே சட்டம். 1976 அக்டோபர் 21 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி நிலக் கொள்கைச் சட்டம், கூட்டாட்சி அரசின் பொதுநிலங்களைக் கவனிக்கும் நில மேலாண்மைப் பணியகத்தின் (BLM) பொறுப்பிலுள்ள நிலங்களில் 5,000 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள, சாலையற்ற, இயற்கைத் தன்மை குலையாத பகுதிகளை 15 ஆண்டுகளுக்குள் ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்குமாறு பணித்தது. பரிந்துரைகள் போய்ச் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இன்னும் நாடாளுமன்றத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. அந்த முடிவு வரும்வரை, வனாந்தரமாக அறிவிக்கப்படுவதற்கான தகுதி எவ்வகையிலும் கெடாதபடி அந்நிலத்தைப் பேண வேண்டும் என்பதே சட்டத்தின் ஆணை. 'தகுதியற்றது' என்று பரிந்துரைக்கப்பட்ட பகுதிக்கும் இதே விதிதான். அந்தக் காப்பை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. உள்ளூர் அலுவலகத்துக்குக் கிடையாது.

நடைமுறையில் இதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கிப் பார்க்கலாம். நீங்கள் செய்யப்போவது தற்காலிகமானதா? அது நிலத்தின் மேற்பரப்பைச் சிதைக்காமல் இருக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் பெரும்பாலும் தடையில்லை. நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். ஒரே இடத்தில் தங்குவதற்குப் பொதுவாக 14 நாள் வரம்பு உண்டு. வண்டியைப் பொறுத்தவரை, ஆய்வுக் கணக்கெடுப்பின்போதே இருந்த தடங்களில், அதுவும் உள்ளூர் அலுவலகம் திறந்து வைத்திருப்பவற்றில் மட்டும் ஓட்டலாம். இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். இயந்திரத்தால் அமைத்துப் பராமரிக்கப்படுவதைத்தான் பணியகம் 'சாலை' என்கிறது. வண்டிகள் போய்ப் போயே உருவானது வெறும் 'தடம்'. தடத்தைவிட்டு நீங்கள் நூறு அடி விலகினால், அடுத்து வருபவர் உங்கள் சக்கரச் சுவட்டையே வழி என்று எண்ணிப் பின்தொடர்வார். யூட்டாவின் பாலை மண் மீது கறுத்து முறுகியதுபோல் படர்ந்திருக்கும் உயிருள்ள மேலோடு ஒருமுறை நொறுங்கினால், மீண்டும் முழுமையாக உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். வனாந்தரம் என்றதும் அடர்ந்த மரங்களைத் தேடும் நம் கண்ணுக்கு அது வெற்று மண்ணாகத் தெரிவதால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

மாடுகளைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. 1976இல் நடப்பிலிருந்த மேய்ச்சலும் சுரங்கப் பணியும் அப்போதிருந்த முறையிலும் அளவிலும் தொடரலாம் என்று அச்சட்டமே விலக்களிக்கிறது. காட்டுத்தீயை அணைப்பது, வழிதவறியவர்களை மீட்பது போன்ற அவசரப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் இவற்றைக் காட்டிப் புதிதாக வேறொருவர் எதையும் தொடங்க முடியாது.

விதியை மீறி வண்டிகள் ஓடுகின்றனவே, யாரும் தடுக்கவில்லையே என்று அங்கே போனதும் உங்களுக்குத் தோன்றலாம். யூட்டாவின் ஆய்வுப் பகுதிகளில் வண்டிகளைக் கட்டுப்படுத்தவில்லை என்று தெற்கு யூட்டா வனாந்தரக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2004இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: தகுதி கெடாமல் காப்பது கட்டாயமே, எனினும் எவ்வாறு காப்பது என்பது பணியகத்தின் விருப்புரிமை என்பதால், இன்ன நடவடிக்கை எடு என்று நீதிமன்றம் ஆணையிட இயலாது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, இந்நிலங்களின் கதி உள்ளூர் அலுவலகத்தின் அக்கறையையும் உங்களைப் போன்ற வருகையாளர்களின் கட்டுப்பாட்டையும் பெரிதும் சார்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

புறப்படுமுன் பணியகத்தின் பிரைஸ் நகர அலுவலகத்தைத் தொடர்புகொண்டு மூன்று விவரங்களைக் கேளுங்கள்: நீங்கள் போகும் இடத்தின் இன்றைய தகுதிநிலை என்ன, எந்தத் தடங்கள் திறந்துள்ளன, நெருப்பு மூட்டத் தடை ஏதும் உள்ளதா. ஜீப்பை அனுமதிக்கப்பட்ட தடத்தின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, முன்பே பலர் தங்கிக் கெட்டிப்பட்ட தரையில் கூடாரம் போடுங்கள். தொல்குடியினரின் பாறைச் சித்திரங்களைக் கண்டால் தொடவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கே கிடக்கும் பானையோட்டுத் துண்டை எடுத்து வருவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.