குஷிங்ஸ் நோயுள்ள வயதான குதிரை மெலிந்தால்: கேள்வி பதில்

அக்கா, எங்கள் போனிக்கு 22 வயது. யார்க்‌ஷயரில் இருக்கிறோம். குஷிங்ஸ் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதுகெலும்பு துருத்துகிறது, வயிறு மட்டும் தொங்குகிறது. ஓட்ஸ் கூட்டிக் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. முதுகு ஒட்டி வயிறு தொங்கினால் கரைந்தது பெரும்பாலும் தசைதான், கொழுப்பு அல்ல. குஷிங்ஸ் என்பது இதுதான்: வயதில் டோபமைன் எனும் ரசாயனத்தைச் சுரக்கும் மூளை நரம்புகள் பழுதடைவதால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் நடுப்பகுதி கட்டுப்பாடில்லாமல் ஹார்மோன்களைச் சுரக்கிறது. இந்த நோயுள்ள பல குதிரைகளுக்கு இன்சுலின் கோளாறும் சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட குதிரைக்கு மாவுச்சத்து மிகுந்த தானியம் கொடுத்தால் இன்சுலின் எகிறி, லாமினைட்டிஸ் எனும் குளம்பு நோய் வரலாம். முற்றினால் குளம்புக்குள் எலும்பே இடம் பெயர்ந்துவிடும். அதனால் முதலில் இன்சுலின் பரிசோதனை, அப்புறம்தான் தீவனம். விலாவையும் கழுத்தின் மேல்விளிம்பையும் கையால் அழுத்திப் பாருங்கள். முதுகில் தசை இல்லாமல், கழுத்தில் கொழுப்பு கெட்டியாக இருக்கும் குதிரைகளும் உண்டு.

சரி, தானியம் இல்லையென்றால் எதைக் கொடுத்து உடம்பு தேற்றுவது?

அடிப்படை காய்ந்த புல்தான். ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. இன்சுலின் கூடுதலாக இருந்தால், புல்லை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி அதோடு போய்விடும். பல் தேய்ந்த குதிரை புல்லை மென்று உருண்டையாகத் துப்பும். அதற்கு புல் கட்டிகளையோ, வெல்லப்பாகு சேர்க்காத பீட் சக்கையையோ நன்றாக ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள்.

தசை திரும்ப நல்ல புரதம் வேண்டும். லைசின் எனும் அமினோ அமிலம் நிறைந்த சோயா புண்ணாக்கு எனக்குப் பிடித்த வழி. கொழுப்பும் குறைந்திருந்தால் மட்டும் தாவர எண்ணெய். கால் கோப்பையில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், வைட்டமின் ஈ-யும் சேர்த்து. அவசரப்பட்டால் கழியும்.

குஷிங்ஸுக்கான பெர்கோலைடு மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து தீவனத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பசி குறைவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. வழக்கமாகத் தொடங்கும் அளவு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், அதாவது 500 கிலோ குதிரைக்குத் தினம் 1 மில்லிகிராம். ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நாள் இடைவெளி விட்டு, பாதி அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பெரும்பாலான குதிரைகள் இதில் பழகிவிடும். மாத்திரையை இடித்துத் தூளாக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ பாலூட்டுபவரோ இருந்தால் மாத்திரை கொடுக்கும் வேலையை வேறொருவர் கையுறை போட்டுச் செய்யட்டும்.

அக்கா, நாங்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து கேட்கிறோம். மார்ச் மாதம் எங்கள் குதிரைக்கு ஏ.சி.டி.எச். (பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பார்த்தோம், கூடுதல் என்று வந்தது. நோய் உறுதிதானா?

அங்கே மார்ச் இலையுதிர்காலம். அப்போது நல்ல குதிரைக்கும் இந்த ஹார்மோன் ஏறும். அந்தப் பருவத்துக்குரிய அளவோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

மருந்து வேலை செய்கிறது, இந்த நோயால் வளர்ந்திருந்த நீள முடியெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஆனால் எடை மட்டும் ஏறவில்லையே அக்கா?

அப்படியானால் குஷிங்ஸ் மேலேயே எல்லாப் பழியையும் போடாதீர்கள். இந்தக் குதிரைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அதனால் சாணத்தில் புழு முட்டை எண்ணிக்கை பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனையும் வேண்டும். கல்லீரல், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தொட்டியில் இளம் குதிரைகள் தள்ளிவிடுகின்றனவா என்றும் கவனியுங்கள். கிழவருக்குத் தனியாக, நிதானமாகச் சாப்பிட இடம் கொடுத்தாலே சில சமயம் போதும்.

நடக்க வைக்கலாமா?

குளம்பில் சூடோ வலியோ இல்லையென்றால் தினமும் நடத்துங்கள். தீவனம் மட்டும் முதுகுத் தசையைக் கொண்டுவராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே நாடாவால் நெஞ்சைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். நீள முடிக்குள் மெலிவு கண்ணுக்குத் தெரியாது.