நல்லதைச் செய்ய எத்தனை வெள்ளி?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழில் ஒரு கதை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். பிபிஆர் (அரசின் மலிவு வாடகை வீடு) அடுக்குமாடியில் கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்கும் ஓர் அக்காதான் கதாநாயகி. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்), மாதம் ஒருவருக்கு 2,000 வெள்ளி. கதையில் ஒன்பது இடங்களில் நியாய அநியாயம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். உதாரணமாக நான்காவது மாதத்தில், 'பீரோவில் 2,000 வெள்ளி இருக்கிறது. நீயே எடுத்துக்கொள்' அல்லது 'இந்த மாதம் முறை வரும் வேலு அங்கிளிடம் கொடு' என்று கேட்கிறோம். பதினைந்து பேரிடம் விளையாடக் கொடுத்தோம். எல்லாரும் எல்லா இடத்திலும் நேர்மையான பதிலையே தட்டினார்கள். விளையாடி முடித்த பிறகு ஒரு முடிவைக்கூட அவர்களால் நினைவுபடுத்திச் சொல்ல முடியவில்லை. எங்கே கோட்டை விட்டோம்?

பதில்: பதினைந்து பேரும் ஒரே பதிலைத் தட்டியதற்காகக் கவலைப்படாதீர்கள். தட்டுவதற்கு முன் யாரும் தயங்கவில்லையே, சிக்கல் அங்கேதான். பதினைந்து பேரும் பத்து நொடி விரலை நிறுத்தி, பெருமூச்சு விட்டு, அதன் பிறகு ஒரே பதிலைத் தட்டியிருந்தால் அந்த இடம் நன்றாக வேலை செய்கிறது என்றே சொல்லலாம்.

உங்கள் நான்காவது மாதக் காட்சியில் ஆட்டக்காரர் எதையும் முடிவு செய்யவில்லை. 'நான் திருடன் இல்லை' என்று கையைத் தூக்குகிறார், அவ்வளவுதான். அதற்கு யோசனை எதற்கு? பணத்தைக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. எடுத்துக்கொண்டால் அதை வைத்து விளையாட்டுக்குள் வாங்க எதுவும் இல்லை. நல்லதற்கு விலை இல்லை, கெட்டதற்குப் பயன் இல்லை. ஒன்பது இடங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, நல்ல பதிலுக்கு நேராக 'இதைத் தட்டினால் இவருக்கு என்ன போகும்?' என்று எழுதிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் காட்சிகளை வெட்டிவிடலாம்.

2013-இல் லூகஸ் போப் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. நீங்கள் எல்லைச் சாவடி அதிகாரி. ஓர் ஆளின் தாள்களைச் சரிபார்த்து முடித்தால் 5 கிரெடிட் கூலி. அந்தக் கூலியில் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. ஒருவர் வருகிறார், தாள்கள் சரி. பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. இங்கே விலை வைத்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தான். மூன்றாவது தவறுக்கு 5 கிரெடிட் அபராதம், அதாவது ஓர் ஆளைச் சரிபார்த்த கூலி போய்விடும். அன்று காலையில் கவனமாக வேலை பார்த்தவர் அந்தப் பெண்ணை இலவசமாக உள்ளே விடலாம். அவசரப்பட்டு ஏற்கெனவே இரண்டு தவறு செய்தவர் விட்டால் வீட்டில் கணப்பு அணையலாம். இரக்கத்துக்கான விலையை எழுத்தாளர் தனியாக எழுதி ஒட்டவில்லை. அது ஆட்டக்காரரின் அன்றைய வேலையிலிருந்தே வருகிறது.

விலையை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் கெட்டுப்போகும். 2007-இல் வந்த 'பயோஷாக்' அதற்குப் பாடம். அதில் சிறுமிகளை மீட்கலாம், அல்லது அவர்கள் உடலிலிருக்கும் 'ஆடம்' என்ற பொருளை உறிஞ்சி எடுக்கலாம். உறிஞ்சினால் 160, மீட்டால் 80. கேட்கும்போது கடுமையான விலைதான். ஆனால் மூன்று பேரை மீட்டதும் 200 ஆடமும் வேறு சில பரிசுகளும் வந்து சேர்கின்றன. கூட்டிப் பாருங்கள்: மூவரை உறிஞ்சியவருக்கு 480, மீட்டவருக்கு 440. அதற்குமேல் பரிசுகள் வேறு. முதல் பரிசு கைக்கு வந்ததுமே தியாகம் என்ற உணர்வு கரைந்துவிடுகிறது. ஆட்டக்காரருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அதைப் பணத்தால் செய்யாதீர்கள்.

இனி உங்கள் காட்சிக்கு வருவோம். திருடும் வாய்ப்பை எடுத்துவிடுங்கள். அந்த மாதம் கமலா மட்டும் 200 வெள்ளி கட்டவில்லை, கையில் 1,800தான் என்று வையுங்கள். வேலு அங்கிள் மாலை ஆறு மணிக்கு வருகிறார். அக்காவின் சொந்தப் பணம் 250. அதில் பிபிஆர் வாடகை 124 போக வேண்டும். இப்போது மூன்று வழிகள். கைப்பணத்தில் 200 போட்டுத் தொகையை நிரப்பலாம்: மிச்சம் 50, அந்த மாத வாடகை நிற்கும். 1,800-ஐக் கொடுத்துக் காரணத்தைச் சொல்லலாம்: கமலாவின் பெயர் இரவுக்குள் பதினேழு மாடிக்கும் போய்விடும். 'மிச்சம் அடுத்த வாரம்' என்று பொதுவாகச் சொல்லிச் சமாளிக்கலாம்: பொய்க்கு ஒரு வாரத் தவணை. எதைத் தொட்டாலும் ஒன்று போகிறது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஒன்று போகிறது. வாடகை, மானம், நம்பிக்கை மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்த இடத்தில்தான் விரல் நிற்கும்.

ஆனால் இதை முதல் மாதத்தில் வைத்தால் பலிக்காது. அந்த 50 வெள்ளி எவ்வளவு குறைவு என்று ஆட்டக்காரருக்கு அதற்கு முன்பே கையில் பட்டிருக்க வேண்டும். முதல் மூன்று மாதமும் நோட்டை அவரே எண்ணட்டும், கொப்பியில் பெயருக்கு நேராக அவரே குறி போடட்டும், அரிசி வாங்கி மிச்சத்தை அவரே பார்க்கட்டும். கமலாவையும் அதற்குள் இரண்டு முறையாவது சந்தித்திருக்க வேண்டும், அதில் ஒரு முறை பணம் பற்றிய பேச்சே இல்லாமல்.

இன்னொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் 'ஏன் போலீசுக்குப் போகக்கூடாது?' என்று கேட்பார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் அப்படியே நிற்கிறது. அதை இரண்டாம் மாதத்தில் யாராவது ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் போதும். தப்பிக்கும் கதவு கதைக்குள்ளேயே மூடிவிடும், முடிவும் இன்னும் கனக்கும்.

திரையின் ஓரத்தில் 'நேர்மை' மீட்டர் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். 'மாஸ் எஃபெக்ட் 2' விளையாட்டில் நல்லவர் புள்ளியும் முரட்டுப் புள்ளியும் சேரச் சேரத்தான் சில பேச்சு வழிகள் திறக்கும். அதனால் பலர் முதல் மணி நேரத்தில் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை ஒரே மூலையில் இருக்கும் பதிலையே தட்டிக்கொண்டு போகிறார்கள். முடிவு ஒன்று, தட்டல் நூறு. கணக்கு வையுங்கள், ஆனால் காட்டாதீர்கள். 1985-இல் வந்த 'அல்டிமா 4'-இல் மூலிகை விற்கும் கண் தெரியாத பெண் ஒருத்தி இருக்கிறாள். எவ்வளவு காசு வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. குறைத்து வைத்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். விளையாட்டு மட்டும் ரகசியமாகக் குறித்துக்கொள்ளும். நாற்பது ஆண்டு பழைய உத்தி, இன்றும் இதற்கு நிகர் குறைவு.

மீட்டர் இல்லாமல் விளைவை எப்படிக் காட்டுவது? தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வரம் இருக்கிறது: அழைக்கும் முறை. வேலு அங்கிளின் தம்பி கீழே தேநீர்க் கடை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு அக்காமீது 0 முதல் 3 வரை நம்பிக்கை எண். 3 இருந்தால், 'வாங்கக்கா, தே தாரேக் கலக்கவா?' 2 என்றால், 'வாங்க, என்ன தண்ணி?' 1 என்றால் 'என்ன வேணும்?' 0 என்றால் அவர் பேசுவதே இல்லை, துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். படமும் குரலும் மாறவில்லை, ஒரே ஒரு வரி மாறியது. 'அக்கா' உதிர்ந்ததை நம் ஆட்டக்காரர்கள் உடனே கவனிப்பார்கள்.

ஒரு முடிவு மூன்று முறை எதிரொலிக்க வேண்டும். அதே காட்சியில் ஒரு வரி. அடுத்த மாதத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தில் ஒரு மாற்றம். கடைசியில் திருத்த முடியாத ஒன்று. நடுவிலுள்ளதை மறக்காதீர்கள், சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி விளையாடி மாற்ற முடியாத தூரத்துக்கு விளைவு அதில்தான் போகிறது. 2007-இல் வந்த முதல் 'தி விட்சர்' இதை நன்றாகச் செய்தது. ஆற்றங்கரையில் சில பெட்டிகளை எல்ஃப் என்ற கற்பனை இனத்தாரிடம் விட்டுக்கொடுக்கிறீர்கள், அதில் ஆயுதம் இருக்கிறது. அதனால் ஒருவர் சாவது வெகுநேரம் கழித்துத்தான் தெரியவரும். யாரும் அவ்வளவு தூரம் திரும்பிப் போய் விளையாடமாட்டார்கள்.

எதிரொலி வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முடிவுக்கும் தனிக் கிளை பிரிக்காதீர்கள். இரண்டு வழியுள்ள ஒன்பது முடிவுகள் தனித்தனியே பிரிந்தால் 512 பாதைகள். நான்கு பேரால் முடியாது. ஒன்பதை நான்காகக் குறையுங்கள். கிளைகள் அடுத்த காட்சியிலேயே ஒன்று சேரட்டும். வித்தியாசத்தை மாறிகளில், அதாவது விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் எண்களிலும் குறிப்புகளிலும் வையுங்கள்: கைப்பணம், ஆளுக்கு ஒரு நம்பிக்கை எண், யாருக்கு என்ன தெரியும் என்ற குறிப்பு. கதை விளையாட்டு செய்யும் கருவிகளான 'இங்க்', 'ட்வைன்', 'ரென்பை' மூன்றிலும் இது எளிது. மூன்றாவது மாறிதான் அதிகம் விளைச்சல் தரும். கமலா கட்டவில்லை என்பது இரண்டு பேருக்குத் தெரிந்திருப்பதும் பத்துப் பேருக்குத் தெரிந்திருப்பதும் வேறு வேறு கதைகள்.

பொத்தானில் எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'எல்.ஏ. நோயர்' விளையாட்டில் சாட்சியைச் 'சந்தேகப்படு' என்று லேசாகத் தட்டினால் துப்பறிவாளர் எரிந்து விழுந்து கத்துவார். ஆட்டக்காரர் 'நான் இதைக் கேட்கவில்லையே' என்று நினைத்த கணத்தில் பொறுப்பு அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. 'உண்மையைச் சொல்' என்று எழுதாமல், அக்கா சொல்லப்போகும் வாக்கியத்தையே எழுதுங்கள்: 'கமலா இந்த மாசம் கட்டல, அங்கிள்.'

நேரக் கெடு வைப்பதா? 2012-இல் 'தி வாக்கிங் டெட்' பதில்களுக்குக் கெடு வைத்தது, வாய் திறக்காமல் இருந்தால் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டது. அருமையான உத்தி. ஆனால் வீட்டில் தமிழ் பேசி, மலாயிலும் ஆங்கிலத்திலும் வேகமாகப் படிக்கிறவர்கள் உங்கள் ஆட்டக்காரர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு எட்டு நொடிக் கெடு மனசாட்சியைச் சோதிக்காது, வாசிப்பைத்தான் சோதிக்கும். கேள்வி முன்பே புரிந்துவிட்ட இடத்தில், பதில்கள் நான்கு சொல்லுக்குள் இருந்தால் மட்டும் கெடு வையுங்கள். விளையாட்டு செய்யும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவைப் பயன்படுத்தினால் கொம்பு எழுத்துகளையும் பாருங்கள். 'கெ' என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கும், வாசிப்பு இன்னும் தடுக்கும். அதே வகை மென்பொருளான கோடோ 4-இல் இந்தத் தொல்லை இல்லை.

திருத்திய பிறகு இதுவரை விளையாடாத எட்டுப் பேரைப் பிடியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதீர்கள், பின்னால் உட்காருங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எத்தனை நொடி எடுத்தார்கள் என்று விளையாட்டே பதிவு செய்யட்டும். முடிந்ததும் ஒரே கேள்வி: 'வேலு அங்கிள் வந்தப்ப ஏன் அப்படிச் செஞ்சீங்க?' 'அதுதானே சரி' என்று பதில் வந்தால் விலை இன்னும் ஏறவில்லை, 250-ஐ 220 ஆக்கிப் பாருங்கள். 'கமலா பாவம், ஆனா வாடகை...' என்று பெயர் சொல்லி இழுத்தால் அந்தக் காட்சியில் இனிக் கை வைக்காதீர்கள், அடுத்த காட்சிக்குப் போங்கள்.